குழிக்கும் ஒரு சொந்தக்காரன் இருப்பான்

ஓமடா மருமோனே, ரோட்டுக் குழியில விழுந்து உன்ர கார் றிம் வளைஞ்ச கதை செவ்ரான் ஊர் முழுக்கத் தெரியும். பாரிசில, லாச்சப்பலில மீன் வெட்டுற பெடியன்கூட நேற்று அதைத்தான் எனக்குச் சொன்னவன். மெரிக்கு, அதுதான் நகரசபைக்கு, மட்டுந்தான் இன்னும் தெரியாது. நீ அவைக்கு ஒரு கடிதமும் போடேல்லையே.

நேர மெரிக்குப் போய்க் கத்திக் காசு வாங்கப் போறியாம். வடிவாப் போ. 2012 நவம்பரில இந்தச் செவ்ரான்ர அப்பத்தைய மேயர் ஸ்தெபான் கத்தினியோன், ஊருக்குக் காசு காணாதெண்டு பாரிசில நாடாளுமன்றத்துக்கு முன்னால கூடாரம் அடிச்சுச் சாப்பிடாமல் கிடந்தவர். 50 லட்சம் ஒய்ரோ கேட்டவர். மேயரே பட்டினி கிடந்து காசு கேட்ட ஊரடா இது. நீ கொத்துரொட்டி திண்ட வயிறோட போய் மேசையில அடிச்சால் ஆர் தருவினம்?

முதல்ல அந்தக் குழி ஆற்ற எண்டு விசாரி. ஊருக்குள்ள ஓடுற ரோட்டெல்லாம் மெரியின்ர இல்லை. சிலது மாவட்டத்தின்ர. பெருந்தெரு எண்டால் அரசாங்கத்தின்ர. மெற்றோ 16க்குக் கிண்டின இடமெண்டால் கதையே வேற. மெரிக்காரர் "எங்கட ரோட்டில்லை" எண்டு ஒரு வரி எழுதினால், உன்ர கோபத்துக்கு முத்திரைக் காசும் நட்டம்.

சரி, படம் எடுத்தனியோ? கலியாணவீட்டுப் புரியாணியை நாலு பக்கத்தாலயும் எடுக்கத் தெரிஞ்ச உனக்கு, குழியை எடுக்கத் தோணேல்லை! அவை தார் ஊத்தி மூடமுன்னம் போ. பக்கத்தில அடிமட்டம் வைச்சு, ரோட்டின்ர பேரும் தெரிய எடு. ஆழம் இல்லாத பள்ளத்தைக் கோட்டில குழியெண்டே எண்ணமாட்டினம். கண்ட ஆக்கள் இருந்தால் எழுதி வாங்கு. கராச்சின்ர பில்லையும் வை. குழியாலதான் உடைஞ்சது எண்டு காட்டிறது உன்ர வேலை. ரோட்டை ஒழுங்காப் பாத்தம் எண்டு காட்டிறது அவையின்ர வேலை. சட்டம் அந்தளவுக்கு உன்ர பக்கம்தான்.

ஆனால் உன்ர வாயை நினைக்கத்தான் எனக்குப் பயம். "அந்தக் குழி ஆறு மாசமா அதில கிடக்கு, நான் தினமும் பாக்கிறனான்" எண்டு மீசையை முறுக்கிக்கொண்டு எழுதுவாய். தினமும் பாத்தவன் ஏன் விலத்தி ஓடேல்லை எண்டு திருப்பிக் கேட்பினம். தெரிஞ்ச ரோட்டில கவனமா ஓடாதவனுக்குக் காசைக் குறைப்பினம், இல்லாட்டி ஒண்டும் குடுக்கமாட்டினம். பொய் எழுதச் சொல்லேல்லை. வீரம் எழுதாத எண்டுதான் சொல்லுறன்.

கடிதம் பதிவுத் தபாலில, ஏற்புச் சீட்டோட போகட்டும். ரெண்டு மாசம் பதில் வராட்டி, பேசாமல் இருக்கிறதே மறுப்புத்தான். "யோசிக்கினம்போல" எண்டு நீ பாத்துக்கொண்டு இருந்திடாத. அதுக்குப் பிறகு கோட்டுக்குப் போக உனக்கும் ரெண்டு மாசந்தான். பழக்கதோசத்தில பொபினிக் கோட்டுக்கு ஓடாத, இதுக்கு மோந்திரெய் நிர்வாக நீதிமன்றம்.

ஏன் தனிக்கோடு எண்டு கேட்பாய். போர்தோவில அரசாங்கப் புகையிலை ஆலையின்ர வண்டியொண்டு சின்னப் பெட்டையை இடிச்சுப் போட்டுது. தேப்பன் வழக்குப் போட, அரசாங்கமும் பதில் சொல்லத்தான் வேணும், ஆனால் அதை நிர்வாகக் கோடுதான் பாக்கும் எண்டு 1873இல தீர்ப்பு வந்தது. பிளாங்கோ வழக்கு எண்டு சட்டம் படிக்கிற உன்ர தங்கச்சியிட்டக் கேள், பாடமாக்கி வைச்சிருப்பாள்.

கார் அசூரன்ஸைக் கேக்காத. மலிவெண்டு வெறும் தியேர், அதுதான் மற்ற ஆக்களின்ர நட்டத்துக்கு மட்டும், போட்டவன் நீ, உன்ர றிம்முக்கு ஒரு சதம் வராது. வீட்டு அசூரன்ஸில சட்ட உதவி கிடக்கோ எண்டு பார். கிடந்தால் கடிதத்தை அவையே எழுதித் தருவினம், உன்ர பிரெஞ்சுக்கும் மானம் தப்பும்.

பிறகு, அந்த வளைஞ்ச றிம்மை எறிஞ்சுபோடாத. ஆரும் வந்து பாக்கக் கேட்டால் காட்டவேணும். மனிசி பல்கனியில வைக்க விடமாட்டாள் எண்டு தெரியும். அதுக்கு ஒரு சட்டமும் உனக்கு உதவாது.