தனி ஆவர்த்தனம்

என் அபிமானப் பாடகர் குழுவோடு பாடியபோது உயிரைக் கொடுத்துக் கேட்டேன். இப்போது தனி ஆல்பம் போட்டு என் உயிரை வாங்குகிறாரே!

ஆல்பத்தை வாங்கியது நீங்கள், உயிரை வாங்கியது அவர். கணக்கு நேர்!

2001-ல் மிக் ஜாகர் 'காடஸ் இன் த டோர்வே' என்று ஒரு தனி ஆல்பம் போட்டார். அதாவது, வாசலில் தேவதை. ரோலிங் ஸ்டோன்ஸ் இசைக்குழுவில் அவருடைய ஆயுட்காலக் கூட்டாளி கீத் ரிச்சர்ட்ஸ் என்ன செய்தார் தெரியுமா? தேவதையை நகர்த்திவிட்டு, அந்த இடத்தில் நாய் போட்டுவிட்டுப் போகும் சமாசாரத்தை வைத்துப் புதுப்பெயர் சூட்டினார். உங்கள் கடிதம் எவ்வளவோ மணம். 'ரோலிங் ஸ்டோன்' பத்திரிகை மட்டும் ஐந்துக்கு ஐந்து நட்சத்திரம் கொடுத்தது. விமர்சனம் எழுதியவர் பத்திரிகையின் இணை நிறுவனர், ஜாகரின் நண்பர்!

அப்படியானால் யாருமே தனியாகப் பாடக் கூடாதா?

பாடட்டுமே. குவீன் குழுவின் பாடகர் ஃப்ரெடி மெர்குரி 1985-ல் தனியாகப் போட்ட 'மிஸ்டர் பேட் கை' ஆல்பத்தின் இரண்டு பாடல்களை, அவர் மறைந்த பிறகு குழு நண்பர்கள் எடுத்தார்கள். குரலை அப்படியே வைத்துக்கொண்டு தங்கள் வாத்தியங்களைப் புதிதாகச் சேர்த்தார்கள். 1995-ல் அவை இடம்பெற்ற 'மேட் இன் ஹெவன்' பிரிட்டனில் முதலிடம் பிடித்தது.

உங்கள் பாடகர் பழைய கிடார்காரரோடு பேசுகிறாரா, விசாரித்தீர்களா?