பார்சல் சார்

உங்கள் அலுவலகத்திலும் ஒருவர் இருப்பார். ஆட்டோக்காரர் கேட்டதைக் கொடுத்துவிட்டு இறங்குவார். காய்கறிக் கடையில் கொசுறு கறிவேப்பிலைகூடக் கேட்கமாட்டார். ஆனால் ஜப்பானில் முகம் தெரியாத ஒரு பேனாக் கடைக்காரருக்கு, ஷிப்பிங்கில் இருநூறு யென் குறைத்துத் தரக்கூடாதா என்று நடுராத்திரியில் உருகி உருகி மெயில் எழுதுவார். இவர்தான் பார்சல் சார்.

நீங்கள் புதுப் பேனா ஒன்றைச் சட்டைப் பையில் செருகிக்கொண்டு அவர் கண்ணில் பட்டால் தீர்ந்தது.

“எவ்வளவு?”

“ஆயிரத்து இருநூறு சார். பாரிமுனையில வாங்கினேன்.”

சாவு வீட்டுக்கு வந்தவர்போல் உங்கள் தோளைத் தொடுவார். “அங்க எழுநூறுதான்.”

அங்க என்றால் எங்கே என்று கேட்டுவிடாதீர்கள். கிழமைக்கு ஒரு நாடு சொல்வார். சொன்ன விலையும் பொய்யாக இருக்காது. அந்த எழுநூறு ரூபாய்ப் பேனா கடல் தாண்டி அவர் கைக்கு வந்து சேரும்போது என்ன விலை ஆகிறது என்பதை மட்டும் நீங்கள் கேட்கும்வரை சொல்லமாட்டார். கேட்டுவிட்டால், சொல்லி முடிக்கும்வரை உங்களை விடமாட்டார்.

வாய்ப்பாடு தெரியாதவர்களுக்குக்கூட அவர் புண்ணியத்தில் ஒரு எண் மனப்பாடம் ஆகியிருந்தது: 42.08. சொந்த உபயோகத்துக்கு வரும் பார்சலுக்கு ஒரு காலத்தில் போட்ட மொத்த வரிச் சதவீதம் அது. ஒரு துண்டுக் காகிதம் கிடைத்தால் போதும், கணக்கைப் போட்டே காட்டுவார். “பேனா ஐயாயிரம். ஷிப்பிங் ஆயிரத்து ஐந்நூறு. வரி ஐயாயிரத்துக்குத்தானே? அதுதான் இல்லை. கப்பல் கூலியையும் சேர்த்து ஆறாயிரத்து ஐந்நூறுக்கு! அடிப்படைத் தீர்வை பத்து சதவீதம், 650. அந்த வரிமேல சமூக நலக் கூடுதல் வரின்னு ஒரு பத்து சதவீதம், 65. இத்தனையையும் கூட்டி, அந்தக் கூட்டுத்தொகைமேல ஜிஎஸ்டி 28 சதவீதம். வரிக்கு வரி, அந்த வரிக்கு ஒரு வரி! ஆகமொத்தம் 2,735 ரூபாய்.” சொல்லும்போது குரலில் ஆத்திரம் இருக்கும். கண்ணில் ஆனந்தம் இருக்கும். பிற்பாடு அடிப்படைத் தீர்வை 35 ஆகி, மொத்தம் 77.28-ஐத் தொட்டபோது அவர் நடையிலேயே ஒரு கம்பீரம் வந்தது. நாடே தன்னைக் குறிவைத்து அடிப்பதாக நம்புகிறவருக்கு அடி பலமாக விழுவதில் ஒரு பெருமை உண்டு.

அவர் சும்மா அடி வாங்கவில்லை. ஒரு காலத்தில் வெளிநாட்டிலிருந்து வரும் பரிசுப் பொருளுக்கு 5,000 ரூபாய் வரை சுங்கவரி இல்லாமல் இருந்தது. அந்தப் பொற்காலத்தில் சீனாவில் அவருக்குப் பெரிய உறவுக் கூட்டமே இருந்தது. கீபோர்டு பட்டன், வாட்ச் பட்டை, பேனா நிப்பு என்று மாதம் தவறாமல் யாராவது அன்பளிப்பு அனுப்புவார்கள். பார்சல்மேல் ஒட்டிய சீட்டில் ‘கிஃப்ட்’ என்ற கட்டத்தில் டிக் இருக்கும், மதிப்பு என்ற இடத்தில் ஐந்து டாலர் இருக்கும். பெற்ற பிள்ளைகளே பிறந்தநாளை மறந்துவிடும் காலத்தில் ஷென்ஷென்காரர்கள் அவர் பிறந்தநாளை வருடத்துக்குப் பலமுறை நினைவு வைத்திருந்தார்கள்.

2019 டிசம்பரில் அயல்நாட்டு வணிகத் தலைமை இயக்குநரகம் இந்தப் பாசத்துக்கு முற்றுப்புள்ளி வைத்தது. பரிசு என்று சொல்லித் தபாலிலோ கூரியரிலோ வரியில்லாமல் பொருள் வரவழைப்பதே கூடாது. விலக்கு இரண்டே இரண்டுக்குத்தான்: உயிர்காக்கும் மருந்து, ராக்கிக் கயிறு. பார்சல் சார் ஒரு ராத்திரி முழுக்க யோசித்தார். பேனாவில் ஒரு ராக்கியைக் கட்டி அனுப்பச் சொன்னால் என்ன? மறுநாள் உத்தரவை எடுத்து முழுதாகப் படித்தார். ராக்கிக்குத்தான் விலக்கு, ராக்கியோடு வரும் பரிசுக்குக் கிடையாது என்று அடைப்புக்குறிக்குள் தெளிவாகப் போட்டிருந்தது. டெல்லியில் யாரோ தன் மனசுக்குள் புகுந்து பார்த்து எழுதிய அடைப்புக்குறி அது என்று இன்றுவரை சாதிக்கிறார்.

பேனாவின் மதிப்பு விஷயத்தில் அவருக்கு இரட்டை நாக்கு. சுங்கத்துறைக்கு அது நானூறு ரூபாய்ப் பேனா. நண்பர்களுக்கு அது பதினைந்தாயிரம் ரூபாய்ப் பேனா. பில்லில் இருக்கும் விலையை நம்பித்தான் ஆகவேண்டும் என்ற கட்டாயம் சுங்க அதிகாரிக்குக் கிடையாது. சந்தேகம் வந்தால் அதைத் தள்ளிவிட்டு வேறு மதிப்பு போட 2007-ஆம் ஆண்டு மதிப்பீட்டு விதிகளில் இடமிருக்கிறது. அப்படி ஒருமுறை நாலாயிரம் என்று போட்டுவிட்டார்கள். இவருக்கு வந்த கோபத்தைப் பார்க்கவேண்டும். நாலாயிரம் என்பது அதிகம் என்ற கோபமா, இவ்வளவு குறைத்துவிட்டார்களே என்ற கோபமா என்று எங்களில் யாருக்கும் புரியவில்லை.

பணத்தைக் கட்டிய நாளிலிருந்து பார்சல் வரும்வரை அவரிடம் வேலை எதிர்பார்க்காதீர்கள். போனில் தபால்துறைப் பக்கம் திறந்தே இருக்கும். இரண்டு எழுத்து, ஒன்பது இலக்கம், கடைசியில் ‘ஜேபி’ என்று முடியும் அந்த நம்பரைத் தன் ஆதார் எண்ணைவிட வேகமாகச் சொல்வார். ‘செண்ட் ஐட்டம் டு கஸ்டம்ஸ்’ என்று வந்தால் முகம் வாடும். இரண்டு நாள் அதே வரி நின்றால் பேச்சு குறையும். ‘ரிட்டர்ன் ஐட்டம் ஃப்ரம் கஸ்டம்ஸ்’ என்று மாறியதும் எழுந்து போய் எல்லோருக்கும் டீ சொல்வார். ஆனால் எவ்வளவு தீட்டினார்கள் என்பது அந்தப் பக்கத்தில் தெரியாது. அது தபால்காரர் வாயால்தான் வரவேண்டும்.

“சார், டூட்டி இருக்கு சார்.”

“எவ்வளவு?”

தொகை குறைவாக இருந்தால் உள்ளே திரும்பி, “இவளே, தம்பிக்கு மோர் கொண்டா” என்பார். அதிகமாக இருந்தால் வாசலிலேயே வகுப்பு ஆரம்பித்துவிடும். வெயிலில் சைக்கிளைப் பிடித்துக்கொண்டு நிற்கும் தபால்காரருக்கு ஜிஎஸ்டி எந்தத் தொகையின்மேல் போடப்படுகிறது என்று விளக்குவார். கூரியர் கம்பெனியாக இருந்தால் இன்னும் விசேஷம். அவர்கள் வரியை முன்கூட்டிக் கட்டிவிட்டு, கட்டியதற்கு ஒரு கட்டணம் போட்டு, அந்தக் கட்டணத்துக்கும் ஜிஎஸ்டி போடுவார்கள். அன்றைக்கு வீட்டில் யாரும் அவர் பக்கம் போகமாட்டார்கள். இதில் நானும் அவர் கட்சிதான்.

எந்த வரியும் இல்லாமல் ஒரு பார்சல் நழுவி வந்துவிட்டால் அதைப் பிரிக்கவே மாட்டார். அப்படியே ஆபீசுக்குக் கொண்டுவந்து நாலு பக்கமும் திருப்பிக் காட்டுவார். உள்ளே என்ன என்று கேட்டால், “அதுவா... ஏதோ இங்க் பாட்டில்” என்பார். அவர் பேனாவால் எழுதி நான் பார்த்ததில்லை. வருகைப் பதிவுக்குக்கூட எங்கள் இடத்தில் விரல் ரேகைதான்.

அவரைக் கலங்க வைத்தது வரி ஏறியதல்ல, இறங்கியதுதான். 2025 செப்டம்பர் 22-இல் இந்தப் பார்சல்களுக்கான ஜிஎஸ்டி 28 சதவீதத்திலிருந்து 18 என்று ஆனது. 2026 பட்ஜெட்டில், சொந்த உபயோகத்துக்கு வரும் பொருள்களுக்கு, ஏற்கெனவே 20-க்கு இறங்கியிருந்த அடிப்படைத் தீர்வை 10-ஆகக் குறைகிறது என்று நிதியமைச்சர் அறிவித்தார். நாங்கள் கைகொடுக்கப் போனோம். “என்னத்தைக் குறைச்சான்” என்றார் சுரத்தில்லாமல். பேச எதுவும் இல்லாமல் போன மனிதரை அன்றைக்குத்தான் பார்த்தோம்.

ஒரு போன் கால் அவரை மீட்டது. மும்பை கஸ்டம்ஸ் என்று சொல்லிக்கொண்டு ஒருவன் பேசினான். உங்கள் பெயருக்கு வந்த பார்சலில் போதைப்பொருள் இருக்கிறது, உடனே பணம் கட்டாவிட்டால் கைது என்றான். வேறு யாராவது என்றால் அங்கேயே வியர்த்து விழுந்திருப்பார்கள். பார்சல் சார் நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார்.

“எந்தத் தலைப்புல போட்டிருக்கீங்க? சொந்த உபயோகம், 9804-ஆ?”

“சார், போதைப்பொருள் சார்!”

“இருக்கட்டும்யா. மதிப்பு என்ன போட்டீங்க? ஷிப்பிங் சேர்த்தா, சேர்க்காமலா?”

“சார், போலீஸ் வரும்...”

“வரட்டும். டிஐஎன் நம்பர் சொல்லு.”

அந்தப் பக்கம் போனை வைத்துவிட்டான். இவர் விடாமல் திருப்பி அடித்துப் பார்த்தார். நம்பர் அணைந்திருந்தது.

உங்களுக்கும் அப்படி ஒரு அழைப்பு வரலாம். சுங்கத்துறை போனில் மிரட்டிப் பணம் கேட்காது. அவர்கள் அனுப்பும் கடிதத்தில் டிஐஎன் என்ற ஆவண அடையாள எண் இருக்கும், மறைமுக வரிகள் வாரியத்தின் இணையதளத்தில் அதைச் சரிபார்க்கலாம். பணம் போய்விட்டால் 1930-க்குப் போன் செய்யுங்கள். போவதற்கு முன்னால் என்றால், போனைப் பக்கத்து சீட்டுப் பார்சல் சாரிடம் கொடுத்துவிடுங்கள்.