முதுகுக்குப் பின்னால் மீன்

கேள்வி: அமெரிக்காவில் குளிர்காலத்திலும் கரையில் நின்றே புளூபிஷ் பிடிக்கிறார்களாம், மருமகன் சொல்கிறார். மாரியில் முல்லைத்தீவுக் கரையில் எங்களுக்கு ஏன் மீன் படுவதில்லை?
– வாசகர், முள்ளியவளை

பதில்: மருமகன் இருப்பது புளோரிடாப் பக்கமாக இருக்கும். குளிர் தொடங்கினால் அந்த மீன் கூட்டமாகத் தெற்கே இறங்கிவிடும். நியூயோர்க் கரையில் நிற்பவருக்குக் குளிர்தான் படும். நமக்கோ மாரியில் வாடைக்காற்று. கார்த்திகை, மார்கழியில் கடல் குமுறும். எவ்வளவு ஈயம் கட்டி எறிந்தாலும் அலை தூண்டிலை உங்கள் காலடிக்கே கொண்டுவந்து தரும்.

திரும்பி நில்லுங்கள், முதுகுக்குப் பின்னால் நந்திக்கடல்! மழைவெள்ளத்தில் முகத்துவாரம் திறந்தால் களப்பும் கடலும் கலக்கும், இறால் ஓடும். வீச்சுவலையோடு வட்டுவாகல் பக்கம் போங்கள். முகத்துவாரத்தில் மட்டும் இறங்கிவிடாதீர்கள். அந்த இழுவை நல்ல நீச்சல்காரரையும் கடலுக்குக் கொண்டுபோய்விடும்.