சொல்லட்டை விளிம்பியல்: பினாங்குச் சான்றுகளை முன்வைத்து ஒரு முன்னாய்வு

தொல்காப்பியத்தில் எழுத்து, சொல், பொருள் என மூன்று அதிகாரங்களே உள. அட்டையதிகாரத்தைக் கடல் கொண்டது என்பது எம் துணிபு. கைக்குக் கிட்டாத நூல்களையெல்லாம் கடல் கணக்கில் எழுதிவிட்டு மேலே செல்வது நம் ஆய்வுலகம் ஏற்றுக்கொண்ட நெறிதான். கரையில் எஞ்சியவற்றைக் காண்போம். பினாங்கு ஃப்ரீ ஸ்கூல் தோன்றிய 1816-ஆம் ஆண்டையே மலேசியத் தமிழ்க் கல்வியின் தொடக்கமாகக் கொள்வர். இன்று சொல்லட்டை அச்சிட உதவும் பவர்பாயிண்ட் வெளிவந்தது 1987-இல். இடைப்பட்ட 171 ஆண்டுகளும் அட்டையியலாருக்கு இருண்ட காலம்.

சொல்லட்டைகள் மூவகைப்படும்: சுவரில் நிற்பன, கையில் நிற்பன, காணாமற் போவன. முதலிரண்டும் காலப்போக்கில் மூன்றாவதில் அடங்கும். திரைக்கென்று பிறந்த மென்பொருளில் அட்டை அச்சடிப்பது தகுமோ எனின், அற்றன்று. பவர்பாயிண்டின் முதற்பதிப்பு மெக்கிண்டாஷ் கணினியில் ஓடியது. மேல்நிலைப் படவீழ்த்திக்கான தாள்களை அச்சிட்டுத் தருவதே அதன் தொழில். ஆகவே ஜார்ஜ் டவுன் தமிழ்ப்பள்ளியில் பயிற்றுத் துணைப்பொருளாக அட்டை அச்சிடும் டீச்சரே மூலபாடத்தைக் காப்பவர். திரையில் ஓட்டிக் காட்டுவோர் பிற்கால இடைச்செருகல். வேர்டில் செய்யலாகாதோ எனின், அங்கே யானைப் படத்தை நூலளவு நகர்த்தினால் ‘யானை’ என்னும் சொல் அடுத்த பக்கத்துக்கு ஓடிவிடும். இங்கே எழுத்துப் பெட்டி வைத்த இடத்தில் கிடக்கும். கரையை ஸ்லைடு மாஸ்டரில் ஒருமுறை போட்டுவிட்டால் பிறகு சொல்லை மட்டும் மாற்றினால் போதும். பழைய எழுத்துருவில் அடித்த கோப்பை வேறு கணினியில் திறந்தால் ‘கொக்கு’ இலத்தீன் எழுத்துகளாய்ச் சிதறி நிற்கும். அதைச் சிந்துவெளி எழுத்தென்று எவரேனும் முனைவர் பட்டம் வாங்குமுன் யூனிகோடுக்கு மாற்றிவிடுக.

இனி விளிம்பு. இதுவே அட்டையின் உயிர்நிலை. சொல் அதன் நடுவில் தற்செயலாக அமைந்த மை. பதினாறுக்கு ஒன்பது என்னும் அளவில் உள்ள ஸ்லைடைக் கிடைவாக்கில் வைத்த ஏ4 தாளில் அகலம் நிரம்ப அச்சிட்டால் 43 மில்லிமீட்டர் உயரம் வெறுமையாய்க் கிடக்கும். முதலிலேயே பக்க அளவை ஏ4 என மாற்றி, நெடுவாக்கில் இரண்டுக்கு நான்கென வகுப்பின், எட்டு அட்டைகளும் ஏ7 அளவில் கச்சிதமாக அமையும் (சான்று: ஓர் அட்டை, பின்புறம்). தாளை முழுதாக லேமினேட் செய்துவிட்டுப் பிறகு வெட்டுவோர் ஒரு சாரார். இது பிழை. வெட்டிய ஓரத்தில் தாள் வெளியே தெரியும். கடற்கரை ஈரம் அவ்வழியே புகுந்து பிளாஸ்டிக்கை இரண்டாகப் பிரிக்கும் (மேற்படி அட்டை, பின்புறம், புளூ டேக் கறைக்குத் தெற்கே). அட்டைகளை முதலில் வெட்டி, இடைவெளி விட்டு உறையில் அடுக்கி, சூடேற்றியபின் சுற்றிலும் 3 மில்லிமீட்டர் வெற்றுப் பிளாஸ்டிக் விட்டு நறுக்குவதே சித்தாந்தம் (மேற்படி கறை, வடமேற்கு மூலை, நகத்தால் சுரண்டிப் பதிப்பித்த திருத்திய பாடம், பல்தடம் பதிந்த பிரதியில் இப்பகுதி இல்லை). பிளாஸ்டிக் வீண் அன்றோ எனின், அற்றேல் அஃதொக்கும். ஆயினும் ஆண்டுதோறும் அதே எட்டுச் சொற்களை மீண்டும் அச்சிடும் மை அதனினும் வீண் என்க.

மூலையை வளைத்து வெட்டுவதா, கூராக விடுவதா என்பதில் இரு கட்சியும் இன்னும் ஒத்துவரவில்லை. வளைவுக் கட்சியார் காட்டும் சான்று ஒன்றே: முதலாம் ஆண்டு மாணவர் ஒருவரின் கட்டைவிரல், சிராய்ப்பு, இரண்டாம் பதிப்பு.