விருப்பமே வாசல்

கேள்வி: கோட்டாற்றில் புதிதாகக் குடியேறியிருக்கிறேன். ஊரோடு ஒட்ட, என் சமையல், வாசிப்பு ஆசைகளைக் கொஞ்சநாள் ஒதுக்கிவைக்க வேண்டுமா?

பதில்: வேண்டவே வேண்டாம், ஊருக்குள் நுழையும் வாசலே அவைதான். பழங்காலக் கிரேக்கப் புவியியலாளர் தாலமி குறித்த கொட்டியாரா கோட்டாறே என்பர் ஆய்வாளர். அந்நியரோடு பழகிப்பழகியே வளர்ந்த வணிக ஊர். ஊர்ச் சந்தையான கம்போளத்தில் அவியலுக்குக் காய் கேளுங்கள், பக்குவமும் சேர்ந்து கிடைக்கும். வாசிப்புக்கும் வழி உண்டு: பக்கத்து இடலாக்குடி, தமிழ்ப் புலவர் செய்குத்தம்பிப் பாவலர் (1874–1950) பிறந்த மண். அவரைப் பற்றிக் கேட்டாலே பேச்சு நீளும். "கடைப்பேச்சு நட்பாகுமா?" என்பீர்கள். பத்து நாள் ஒரே கடைக்குப் போய் ஒருநாள் தவறுங்கள். மறுநாள் "நேத்து காணலியே" என்பார் கடைக்காரர். உங்களைத் தேட ஓர் ஆள் கிடைத்துவிட்டார். குடியேறுதல் என்பது அதுதான். சதாவதானியான பாவலர் ஒரே நேரத்தில் நூறு செயல்களில் கவனம் வைத்தார். உங்களுக்குச் சமையல், வாசிப்பு என இரண்டு போதும்.