நாலு மணி மழை

"முப்பத்து மூணு டிகிரியா? எங்க ஊர்ல அதுக்குப் பேரு நிழல், சார்!"

ஆசிரியர் அறையில் இதைச் சொல்லிவிட்டு டீ கிளாஸை டக்கென்று மேஜையில் வைத்தேன். அது ஏப்ரல் மாதம். கள்ளக்குறிச்சியில் மின்விசிறி இந்த மூலைச் சூட்டை எடுத்து அந்த மூலைக்குக் கொண்டுபோய்ச் சேர்த்துக்கொண்டிருந்தது. கோலாலம்பூரில் மே மாதம் எப்படி இருக்கும் என்று அக்கறையோடு கேட்ட கணக்கு வாத்தியார் சிரித்துவிட்டார். வெயிலில் பிறந்து வளர்ந்தவன் இன்னொரு வெயில் தேசத்துக்குப் போக என்ன பெரிய தயாரிப்பு வேண்டியிருக்கிறது என்று மேலும் இரண்டு வாக்கியம் பேசினேன். எல்லாரும் கேட்டார்கள் என்பதுதான் இன்றுவரை உறுத்துகிறது.

நான் சமூக அறிவியல் வாத்தியார். புவியியல் என்றால் எனக்குத் தனிப் பிரியம். 22 வருடமாக ஒன்பதாம் வகுப்புப் பிள்ளைகளுக்கு வெப்பச் சலன மழையைப் படம் போட்டு நடத்துகிறேன். நிலநடுக்கோட்டுப் பக்கம் காலையில் வெயில் தரையைச் சுடும், ஈரக் காற்று மேலே ஏறும், ஏற ஏறக் குளிரும், மதியத்தில் மேகம் திரளும், பிற்பகலில் கொட்டும். அதனால்தான் அதற்கு 'நாலு மணி மழை' என்று பெயர். கோலாலம்பூர் நிலநடுக்கோட்டிலிருந்து வடக்கே சுமார் 3 டிகிரி. இதையும் வரைபடத்தில் குச்சி வைத்துக் காட்டியிருக்கிறேன். இந்த ஆள்தான் குடை இல்லாமல் கிளம்பினான். அந்தக் கதைக்குப் பிறகு வருகிறேன். அதற்கு முன்னால் சறுக்கியவை நிறைய இருக்கின்றன.

முதலில் பாஸ்போர்ட். 2015-இல் ஒரு ஆவேசத்தில் எடுத்தது. பீரோவில் என் பத்தாம் வகுப்புச் சான்றிதழுக்கும் மனைவியின் பட்டுப்புடவைக்கும் நடுவில் பத்து வருடம் பத்திரமாகத் தூங்கியது. மார்ச் மாதம் என் மகள் அதைப் புரட்டிப் பார்த்துவிட்டு, "அப்பா, இது ஆகஸ்டோட முடியுது" என்றாள். "நாங்க போறது மே மாசம்தானே?" என்றேன். உள்ளே நுழையும் நாளிலிருந்து இன்னும் ஆறு மாதமாவது அது செல்லுபடியாக வேண்டும் என்ற விதி அவளுக்குத் தெரிந்திருந்தது. எனக்குத் தெரியவில்லை. புதுப்பிக்க உட்கார்ந்தால் அடுத்த சிக்கல். பழைய பாஸ்போர்ட்டில் என் வீடு விழுப்புரம் மாவட்டத்தில் இருக்கிறது. ஆதாரில் கள்ளக்குறிச்சி மாவட்டத்தில் இருக்கிறது. 2019 நவம்பர் 26-இல் மாவட்டம் பிரிந்தபோது இனிப்பு வாங்கிக் கொடுத்தவர்களில் நானும் ஒருவன். வீடு அதே தெருவில்தான் நிற்கிறது என்பதை இரண்டு முறை விளக்க வேண்டியிருந்தது.

அடுத்தது பெயர். நம் ஆட்களுக்கு இனிஷியல்தான் சொத்து. பாஸ்போர்ட்காரர்களுக்கு இனிஷியல் ஆகாது. விரித்து எழுது, இல்லாவிட்டால் விட்டுவிடு என்பார்கள். நான் 2015-இல் விட்டுவிட்டேன். குடும்பப் பெயர்க் கட்டம் காலி. ஆனால் விமான டிக்கெட் படிவம் காலியாக விட்டால் நகரவே மாட்டேன் என்றது. ஓர் எழுத்துப் போட்டேன், ஏற்கவில்லை. கோபத்தில், ஒன்றுமில்லை என்ற அர்த்தத்தில் ஆங்கிலத்தில் 'நில்' என்று அடித்தேன். உடனே ஏற்றுக்கொண்டது, பணமும் போய்விட்டது. டிக்கெட்டில் என் பெயருக்குப் பின்னால் 'நில்' என்று கொட்டை எழுத்தில் வந்தது. தமிழில் வாசித்தால் அது கட்டளை. மனைவி பார்த்துவிட்டு, "ஏர்போர்ட்ல அதைத்தான் செய்யப் போறாங்க" என்றாள். ஒற்றைப் பெயர்க்காரர்கள் அதே பெயரை இரண்டு கட்டத்திலும் போடுவது வழக்கமாம். திருத்துவதற்குக் கட்டணம் கட்டிய பிறகு தெரிந்தது.

இப்போது கல்வராயன் மலைக்கு வருகிறேன். என் தயாரிப்பிலேயே நான் உண்மையாகப் பெருமைப்பட்டது இதுதான்.

மலேசியாவில் பத்துமலை முருகன் கோயிலுக்கு 272 படி. மே மாத மதியத்தில் ஏற வேண்டும். கால் பழகாமல் போனால் அவமானம் என்று புதிதாக ஒரு ஷூ வாங்கினேன். நடைக்கென்றே செய்தது, அடிப்பாகம் டிராக்டர் டயர் மாதிரி. இதைப் போட்டு மலையில் நடந்து பழக்கிவிட வேண்டும் என்பது திட்டம். ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை கச்சிராயபாளையம் வழியாக வெள்ளிமலை பஸ் ஏறினேன். கோமுகி அணையைத் தாண்டியதும் வளைவு வளைவாக ஏறுகிற ரோடு. ஜன்னல் காற்று குளிரக் குளிர எனக்குத் தெம்பு கூடிக்கொண்டே போனது. கீழே ஊர் கருகிக்கொண்டிருக்க, மேலே வேறு தேசம். மலேசியாவும் இப்படித்தான் பச்சைப் பசேலென்று இருக்கும் என்று மனசுக்குள் ஒரு ஒப்பீடு வேறு. வெள்ளிமலையில் இறங்கி, டீ குடித்து, அம்மாவின் பழைய ஞாபகத்துக்காக ஒரு பாட்டில் மலைத்தேன் வாங்கிக்கொண்டு, பெரியார் அருவி வரைக்கும் நடந்துவிடுவது என்று கிளம்பினேன்.

அருவி கீழே இருக்கிறது. வெள்ளிமலை மேலே இருக்கிறது. படி ஏறப் பயிற்சி எடுக்கப் போனவன் முழுக்க முழுக்க இறங்கினேன். இறக்கத்தில் புது ஷூ என்ன செய்யும் என்றால், ஒவ்வொரு அடிக்கும் கால் முன்னால் சறுக்கிப் போய்க் கட்டைவிரல் நுனி ஷூவின் மூக்கில் இடிக்கும். ஒரு தடவை இடித்தால் தெரியாது. ஆயிரம் தடவை இடித்தால் நகம் கறுக்கும். குதிகாலில் தனியாக ஒரு கொப்புளம், ஐந்து ரூபாய் நாணயம் அளவுக்கு.

ரோட்டோரம் மரவள்ளிக் கொல்லை. அதன் வரப்பில் உட்கார்ந்து ஷூவைக் கழற்றி, காலை ஊதிக்கொண்டிருந்தேன். தோளில் துண்டும் கையில் கொடுவாளுமாக ஒரு பெரியவர் வந்தார். வெறுங்கால். தலையில் ஒரு பலாப்பழம். அதைக் கீழே இறக்காமலே நின்று என் ஷூவைப் பார்த்தார்.

"எங்க தம்பி போறதுக்கு இத்தனாம் பெரிய பூட்ஸு?"

"மலேசியாவுக்குங்க."

அவர் கொஞ்ச நேரம் யோசித்தார். பிறகு ரோட்டைப் பார்த்தார்.

"நடந்தேவா?"

கிண்டலா, நிஜமான கேள்வியா என்று இன்றுவரை எனக்குத் தெரியவில்லை. பஸ் வரும்வரை பக்கத்திலேயே நின்றார். பலாப்பழத்தை அப்போதும் இறக்கவில்லை.

விமான நிலையத்து விஷயத்தைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். திருச்சியிலிருந்து விமானம். பவர் பேங்க் கைப்பையில்தான் இருக்க வேண்டும், அதிலிருக்கும் லித்தியம் பேட்டரி சரக்கறையில் தீப்பிடித்தால் அணைக்க ஆளில்லை. தேன் பெட்டியில்தான் இருக்க வேண்டும், ஏனென்றால் கைப்பையில் 100 மில்லிக்கு மேல் திரவம் கூடாது. நான் பவர் பேங்கைப் பெட்டியில் துணிக்கு நடுவில் சுற்றிவைத்து, தேனை உடையாமல் கைப்பையில் வைத்திருந்தேன். இரண்டுக்கும் தனித்தனியாகக் கூப்பிட்டார்கள். "தேன் திரவம் இல்ல சார், பாருங்க எவ்வளவு கெட்டி" என்று வாதாடினேன். அந்தப் பெண் அதிகாரி பாட்டிலைச் சாய்த்துக் காட்டினார். வெள்ளிமலைத் தேன் மெதுவாக, மிக மெதுவாக நகர்ந்தது.

மலேசியா போக 2023 டிசம்பரிலிருந்தே நமக்கு விசா தேவைப்படவில்லை. ஆனால் வருகை அட்டை ஒன்றை இணையத்தில் நிரப்ப வேண்டும், அதுவும் இறங்குவதற்கு மூன்று நாளுக்குள்தான். மொத்தப் பயணத்தில் நான் முன்கூட்டியே, மூன்று வாரத்துக்கு முன்பே உட்கார்ந்து நிரப்பப் பார்த்த ஒரே தாள், முன்கூட்டி நிரப்பினால் ஏற்காத தாள். அதற்குப் பிறகு மறந்துபோய், திருச்சி வரிசையில் நின்றுகொண்டு மகளுக்கு போன் போட்டு நிரப்பினோம்.

மலேசியாவில் நாங்கள் போய் இறங்கியது கிள்ளானில், அத்தை வீட்டில். அப்பாவின் பெரியப்பா மகள், எழுபதைத் தாண்டியவர். அவருடைய அப்பா 1930-களில், கங்காணி வழியாகத் தோட்ட வேலைக்கு ஆள் அனுப்புவது 1938-இல் தடைபடுவதற்கு முன்னால், நாகப்பட்டினத்தில் ரஜூலா கப்பல் ஏறிப் போனவர். இறங்கியது இப்போது போர்ட் கிள்ளான் என்கிற, அன்றைய போர்ட் சுவெட்டன்ஹாமில். அவர் கொண்டுபோன தகரப் பெட்டியை அத்தை இன்னும் வைத்திருக்கிறார். இரண்டு வேட்டி, ஒரு கம்பளி, ஒரு சொம்பு கொள்ளும். எங்கள் இரண்டு சூட்கேஸும் அதன் பக்கத்தில் நின்றபோது எனக்குக் கொஞ்சம் கூச்சமாக இருந்தது. எங்கள் பெட்டிக்குள் ஆறு ஜீன்ஸ் பேன்ட் இருந்தது, ஆனால் ஒரு கம்பளி இல்லை. வெயில் தேசத்தில் கம்பளி எதற்கு? எதற்கென்றால், அங்கே பஸ், கடை, ஹோட்டல் எல்லாம் குளிர்பதனப் பெட்டிக்குள் இருக்கின்றன. இரண்டாம் நாளே எனக்குத் தடுமல். மலேசியா பிளக் மூன்று தட்டைக் கம்பி என்பதால் என் சார்ஜர் எங்கும் நுழையவில்லை. அதை விடுங்கள்.

வெளியே வந்தால் அந்த 33 டிகிரி. நம் ஊரில் மே மாதம் வியர்வை வந்த வேகத்தில் காய்ந்து, சட்டை முதுகில் உப்புக் கோடு மட்டும் விட்டுப்போகும். அந்தக் காய்தல்தான் உடம்பைக் குளிர்விப்பது. அங்கே காற்றில் ஏற்கெனவே தண்ணீர் நிறைந்திருக்கிறது. வியர்வை போக இடமில்லாமல் நம் மேலேயே குடியிருக்கிறது. ஒப்பு ஈரப்பதம் என்று இதற்கும் ஒரு பாடம் உண்டு, இரண்டு மதிப்பெண் வினா. ஜீன்ஸ் ஈரத்தில் கனத்து, முட்டிக்கு மேல் ஒட்டிக்கொண்டது. நான் முதல் நாளே பதினோரு மணிக்கு ஒரு மரத்தடியில் உட்கார்ந்து, "கொஞ்சம் இருங்க, ஊரைப் பாக்கறேன்" என்றேன். மனைவி தண்ணீர் பாட்டிலை நீட்டி, "நிழல் எப்படி இருக்கு?" என்றாள். ஆசிரியர் அறை வசனம் வீடு வரை வந்திருந்தது எனக்குத் தெரியாது.

தண்ணீர் வாங்கக் கார்டை நீட்டினால் ஓடவில்லை. வெளிநாட்டுப் பரிவர்த்தனையை நாமேதான் திறந்துவிட வேண்டும், 2020-இலிருந்து அப்படித்தான். திறக்க ஓடிபி வேண்டும். ஓடிபி வரும் சிம்முக்கு ரோமிங் இல்லை. அத்தையின் பேரன் பணம் கொடுத்தான். "பரவால்ல லா, மாமா" என்றான். நான்கு நாளும் அவன்தான் கொடுத்தான்.

பத்துமலைக்கு மூன்றாம் நாள் போனோம். 2006-இல் திறந்த 140 அடி முருகன் பொன்னிறத்தில் நிற்க, பின்னால் 2018-இல் வண்ணம் அடித்த படிகள் கலர் கலராக மேலே போகின்றன. படியில் செருப்போடு ஏறலாம். மேலே சன்னதியில் கழற்றினால் போதும். ஆனால் என் குதிகால் அன்று காலை ஷூவுக்குள் போக மறுத்துவிட்டது. கறுத்த நகமோ ஷூவைப் பார்த்தாலே வலித்தது. கீழேயே கழற்றிக் கையில் வைத்துக்கொண்டு, வெறுங்காலில், மெல்ல ஒவ்வொரு படியாகக் கால் வைத்து ஏறினேன்.

அத்தை கீழே நின்றபடி கை கூப்பினார். இறங்கி வந்ததும் என் கன்னத்தைத் தொட்டு, "முருகனுக்கு வேண்டுதலாப்பா?" என்றார்.

மனைவி என்னைப் பார்த்தாள். நான் மனைவியைப் பார்க்கவில்லை.

"ஆமா அத்தை" என்றேன்.

சொல்லி முடிக்கவும் இடி இடித்தது. தண்டனை என்றெல்லாம் நினைக்க வேண்டாம், மணி நாலாகிப் பத்து நிமிடம். பத்துமலையில் கூடியிருந்த உள்ளூர்க்காரர்கள் அத்தனை பேரும் பையிலிருந்து ஒரே நேரத்தில் குடையை எடுத்தார்கள். எங்கள் ஊரில் பெருமழைக்கு முன்னால் காற்று வரும், புழுதி வரும், நாய் ஓடும். கொஞ்சம் அவகாசம் உண்டு. இங்கே அண்டாவைக் கவிழ்த்த மாதிரி நேராக விழுந்தது. கையிலிருந்த ஷூவுக்குள் தண்ணீர் நிறைந்தது.

கடை ஓரத்தில் ஒடுங்கி நின்றபோது ஒரு விடைத்தாள் ஞாபகம் வந்தது. நிலநடுக்கோட்டுக் காலநிலை பற்றி எழுதச் சொன்ன கேள்விக்கு, ஒரு பையன் கடைசியில், "அங்கு வாழும் மக்கள் எப்போதும் குடை வைத்திருப்பார்கள்" என்று சேர்த்திருந்தான். சிவப்பு மையில் அடித்து, 'பாடத்தில் உள்ளதை மட்டும் எழுதுக' என்று எழுதி, அரை மதிப்பெண் குறைத்தது நான். அவன் இப்போது சின்னசேலத்தில் செல்போன் கடை வைத்திருக்கிறான். அவனிடம்தான் பவர் பேங்க் வாங்கினேன்.

அத்தை தன் குடைக்குள் எங்களை இழுத்துக்கொண்டார். அவருக்கு மழை நேரம் சின்ன வயதிலிருந்தே அத்துப்படி. இருட்டோடு எழுந்து அம்மாவோடு ரப்பர்த் தோட்டத்தில் பால் மரம் சீவப் போனவர். வெயில் ஏறுவதற்கு முன்னால் சீவினால்தான் பால் நன்றாக ஓடும். "சாயங்காலம் மழைன்னா சந்தோஷம்பா. காலையில பேஞ்சா பட்டையெல்லாம் நனைஞ்சு பால் ஓடிப்போயிரும், அன்னிக்கி வேலை கிடையாது, சம்பளமும் கிடையாது. நீ என்ன, வாத்தியாரா இருந்துக்கிட்டு ஒரு குடை கொண்டாரல?"

"மறந்துட்டேன் அத்தை." இது உண்மை. அன்று நான் சொன்ன ஒரே உண்மை.

கிளம்பும்போது அந்தக் குடையை என் கையிலேயே கொடுத்துவிட்டார். கறுப்புத்துணி, மரக்கைப்பிடி, கனமான பழைய குடை. திருச்சியில் இறங்கினோம், மே மாதம், கண் கூசும் வெயில். பேருந்தில் ஏறி, குடையைத் தலைக்கு மேல் தட்டில் பத்திரமாக வைத்தேன். உளுந்தூர்ப்பேட்டையில் இறங்கி வண்டி மாறினோம்.

போன வாரம் அத்தை போன் செய்தார். தோட்டத்துக் காலத்திலிருந்து அவர் அப்பா வைத்திருந்த குடையாம் அது.

"பத்திரமா இருக்கா?"

"பத்திரமா இருக்கு அத்தை" என்றேன்.