தாஹினே முட்

திருச்சியில் பி.எஸ்சி. படித்த மூன்று ஆண்டுகளில், என்.சி.சி. பரேடிலிருந்து தப்பிக்க நான் செலவழித்த மூளையில் பாதியைக் கணக்குப் பாடத்தில் போட்டிருந்தால் தங்க மெடல் வாங்கியிருப்பேன். சீனப் போருக்குப் பிறகு, 1963இல், கல்லூரிப் பையன்களுக்கு என்.சி.சி.யைக் கட்டாயமாக்கிவிட்டார்கள். கஞ்சி போட்டு மொடமொடத்த காக்கி, பிராஸோ போட்டுத் தேய்த்த பக்கிள், லாடம் அடித்த பூட்ஸ். என் பூட்ஸ் ஒரு சைஸ் பெரிசு. நான் திரும்பிக் கொஞ்ச நேரம் கழித்துத்தான் அது திரும்பும்.

கட்டளையெல்லாம் இந்தியில். 1965 ஜனவரியில் இந்தி ஒழிக என்று தொண்டை கட்டக் கத்திய அதே மாணவர் கூட்டம்தான் பிறகு மைதானத்தில் ‘சாவ்தான்’ என்றதும் விறைத்து நின்றது. ஹவில்தார் ‘தாஹினே முட்’ என்பார். அது வலமா இடமா என்பது எங்கள் வரிசைக்குக் கடைசிவரை தெரியாது. பாதிப் பேர் இந்தப் பக்கம் திரும்ப, மீதிப் பேர் அந்தப் பக்கம் திரும்ப, மூக்கோடு மூக்கு இடிக்கும். “முட்டுன்னுதானே சார் சொன்னீங்க” என்பான் பக்கத்தில் நிற்பவன். ஹவில்தாருக்குத் தமிழ் தெரியாததால் உயிர் பிழைத்தான்.

நான் கண்ட வழி வெங்காயம். அக்குளில் அரைமணி இடுக்கிக்கொண்டால் காய்ச்சல் வரும் என்பது ஹாஸ்டல் வைத்தியம். வந்ததோ இல்லையோ, வாசனை தாங்காமல் என்னை விலகிப் போகச் சொல்வார்கள். பரேடு முடிந்து பூரி கிழங்கு போடும் நாட்களில் மட்டும் எனக்குக் காய்ச்சல் வந்ததில்லை. 1968இல் சட்டமன்றத்தின் மொழித் தீர்மானம் என்.சி.சி.யின் இந்திக் கட்டளைகளையும் வேண்டாம் என்றது. அதே ஆண்டு என்.சி.சி. கட்டாயமும் போனது. எனக்கு அப்போது இறுதிப் பரீட்சை. எல்லாரும் விடுதலையானபோது நான் தண்டனையை முழுசாக அனுபவித்து முடித்திருந்தேன்.

இப்படிப்பட்டவன் 2017 அக்டோபரில், காசு கொடுத்து டிக்கெட் வாங்கி, அடையாள அட்டையைக் காட்டி, பையைச் சோதிக்கக் கொடுத்து, ஒரு ராணுவ அகாடமிக்குள் நுழைய வரிசையில் நின்றேன். நியூயார்க் மாநிலத்தில், ஹட்சன் நதி வளையும் இடத்தில் இருக்கும் வெஸ்ட் பாயின்ட். யோசனை மனைவியுடையது. அவள் திருச்சியிலேயே பெண்கள் கல்லூரியில் என்.சி.சி.யில் இருந்தவள். யாரும் கட்டாயப்படுத்தாமல், ஆசைப்பட்டுச் சேர்ந்தவள். சான்றிதழை இன்னும் பிளாஸ்டிக் உறையில் வைத்திருக்கிறாள்.

ரிடையர் ஆனதும் நாங்கள் வாங்கிய பழைய மோட்டார்ஹோமும் அவள் ஆட்சியில்தான் ஓடுகிறது. கிளம்புமுன் ஒரு பட்டியலை உரக்கப் படிப்பாள். தண்ணீர்க் குழாய் கழற்றியாச்சா? கரண்ட் ஒயர் சுருட்டியாச்சா? கையுறை போட்டுக் கழிவுத் தொட்டி காலி பண்ணியாச்சா? படி உள்ளே போச்சா? அலமாரிக் கொக்கி, ஃபிரிட்ஜ் கொக்கி? நான் ஒவ்வொன்றுக்கும் ‘ஆச்சு’ சொல்ல வேண்டும். 24 அடி நீள வீட்டில் வெங்காயத்தோடு ஒளிய இடமில்லை.

மோட்டார்ஹோமை வெளியே நிறுத்திவிட்டு சுற்றுலா பஸ்ஸில்தான் உள்ளே போக வேண்டும். வழிகாட்டி ஒரு பாட்டிம்மா. 1802இல் தொடங்கியது, கிராண்டும் லீயும் இங்கேதான் படித்தார்கள், பிறகு அமெரிக்க உள்நாட்டுப் போரில் எதிரெதிரே நின்று சண்டை போட்டார்கள் என்று சரளமாகச் சொல்லிக்கொண்டு வந்தார். ட்ரோபி பாயின்ட்டில் இறக்கிவிட்டார். கீழே நதி, எதிர்க்கரையில் மஞ்சளும் சிவப்புமாய் மரங்கள். 1778இல் பிரிட்டிஷ் கப்பல் மேலே ஏறாமலிருக்க ஆற்றின் குறுக்கே கட்டிய இரும்புச் சங்கிலியில் மிஞ்சிய கண்ணிகள் அங்கே இருக்கின்றன. ஒன்று 100 ராத்தலுக்கு மேல் இருக்கும். தொட்டுப் பார்த்தேன், சில்லென்றிருந்தது. அந்தச் சங்கிலியில் எந்தக் கப்பலும் வந்து மோதவில்லையாம். ஆபத்து உள்ளேயிருந்துதான் வந்தது. 1780இல், அப்போது இங்கே இருந்த கோட்டையின் தலைவர் ஆர்னால்டே அதை எதிரிக்கு விற்கப் பார்த்தார்.

எனக்கு உறவானவர் ஒருவரும் அங்கே படித்திருந்தார்: எட்கர் ஆலன் போ. திகில் கதை மன்னர். 1830இல் சேர்ந்தார். அணிவகுப்புக்கு வராமல், வகுப்புக்கு வராமல், சர்ச்சுக்கும் வராமல் இருந்ததற்காக மறு ஆண்டே ராணுவ நீதிமன்றம் வெளியே அனுப்பியது. “பாத்தியா, பெரிய ஆளு” என்றேன். “அவர் போய்க் கதை எழுதினார். நீங்க பூரி தின்னீங்க” என்றாள்.

முதலாண்டு மாணவர்களுக்குப் பதில் சொல்ல நாலே நாலு வாசகம்தான் என்றார் வழிகாட்டி. எஸ் சார். நோ சார். நோ எக்ஸ்கியூஸ் சார். சார், எனக்குப் புரியவில்லை. ஐந்தாவது கிடையாது. ஏன் தாமதம் என்று கேட்டால் மழை, பஸ், வயிற்றுவலி எதுவும் எடுபடாது. மூன்றாவதைச் சொல்லிவிட்டு நிற்க வேண்டியதுதான். மனைவி என் பக்கம் திரும்பினாள். “45 வருஷத்துல அந்த மூணாவத உங்க வாயால கேட்டதே இல்லங்க.”

பஸ் திரும்பும்போது ஒரு பெண் கேடட் தோளில் பையோடு நடந்துபோனாள். எதிரே வந்த அதிகாரிக்கு ஒரு சல்யூட், நடை மாறாமல். பெண்களை 1976இல்தான் சேர்த்தார்கள், 1980இல் 62 பேர் முதன்முதலாகப் பட்டம் பெற்றார்கள் என்றார் வழிகாட்டி. “1976ன்னா நம்ம பொண்ணு பொறந்த வருஷம்” என்றாள் மனைவி மெதுவாக. அவள் சான்றிதழ் வாங்கிய காலத்தில் நம் ராணுவத்தில் டாக்டர், நர்ஸ் தவிரப் பெண்களுக்கு இடமில்லை. சென்னைப் பயிற்சி நிலையம் கதவைத் திறந்தது 1992இல். அந்தப் பெண் கண்ணிலிருந்து மறையும்வரை இவள் கழுத்து திரும்பியபடியே இருந்தது. எனக்கு வழக்கமாக வாயில் ஒரு கிண்டல் தயாராக இருக்கும். அன்று வரவில்லை.

சாயங்காலம் 9டபிள்யூ சாலையில் வளைந்து வளைந்து மலையிறங்கி, முகாமுக்கு வந்து பின்னால் திரும்பிப் பார்த்தால், ஃபிரிட்ஜ் வாய் பிளந்து கிடந்தது. இரண்டு நாளைக்கு அரைத்து வைத்த இட்லி மாவு, சமையல் மேடையிலிருந்து படுக்கைவரை வெள்ளாறாக ஓடியிருந்தது. ஸ்பூன் ஒன்று நடுவில் தோணி மாதிரி நின்றது. கிளம்பும்போது ‘ஃபிரிட்ஜ் கொக்கி?’ என்றதற்கு, எதையோ பார்த்துக்கொண்டே ‘ஆச்சு’ சொன்னது ஞாபகம் வந்தது.

சாலை வளைவு, கொக்கியின் வயசு, மாவு பொங்கும் தன்மை எல்லாம் நாக்கு நுனியில் வரிசையாக வந்து நின்றன. அவள் இடுப்பில் கை வைத்துக் காத்திருந்தாள். குதிகாலைச் சேர்த்தேன்.

“நோ எக்ஸ்கியூஸ், மேடம்.”

அவள் உதட்டோரம் துடித்தது. ஆனாலும் சிரிக்கவில்லை. கையில் துடைக்கும் துணியைக் கொடுத்தாள். திருச்சி மைதானத்துக் குரல் அப்படியே வந்தது:

“தாஹினே… முட்!”

திரும்பினேன். எதிரே சுவர். மாவு முதுகுக்குப் பின்னால் இருந்தது.